ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டு வந்த பிறகு: கூட இருப்பவருக்கான வழிகாட்டி

எங்கள் அப்பாவுக்குத் திடீரென்று குடல் அடைப்பு வந்து, ராத்திரியோடு ராத்திரியாக வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே கொண்டு போகும்வரை எதில் கையெழுத்து, எங்கே ஸ்கேன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வெளியே கொண்டு வந்து படுக்கையில் விட்ட பிறகு நாங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு, நோட்டில் எழுதித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே தருகிறேன். வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனைக்குத்தான் போகிறோம் என்பதால் அதை மனதில் வைத்தே எழுதுகிறேன். தனியார் நர்ஸிங் ஹோமுக்குப் போனாலும் முக்கால்வாசி பொருந்தும்.

சிஸ்டர் செய்யும் வேலையை நீங்கள் செய்யக் கூடாது. ஆனால் ஒரு சிஸ்டர் பல படுக்கைகளைப் பார்க்கிறார், உங்கள் ஆளை மட்டுமே பார்த்துக்கொண்டு இருக்கக் கூடியவர் நீங்கள் ஒருவர்தான். பார்ப்பது, மணி போட்டு எழுதுவது, மாற்றம் தெரிந்தால் உடனே போய்ச் சொல்வது, இந்த மூன்றும் உங்கள் பொறுப்பு.

1. காகிதங்களை ஆபரேஷனுக்கு முன்பே முடித்துவிடுங்கள்

நோயாளி வெளியே வரும் நேரத்தில் ஜெராக்ஸ் கடையில் நிற்கும் நிலைமை யாருக்கும் வரக் கூடாது. ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, ஓபி சீட்டு, பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றிலும் மூன்று நான்கு ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போடுங்கள். அந்த ஃபைல் படுக்கைக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் இருக்க வேண்டாம், வெளியே அலையப் போகிறவரிடம் இருக்கட்டும்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தானே, காப்பீட்டு அட்டை எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அந்தத் தொகை மருத்துவமனைக்குப் போகிறது, எலும்புக்கு வைக்கும் பிளேட் போன்ற விலை கூடிய பொருள்களுக்கு உதவுகிறது, அதனால் கேட்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை இந்தத் திட்டத்தில் கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலையில் இருக்கும் கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம், ஆனால் அது கைக்கு வர நாள் பிடிக்கும், எனவே தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் அட்மிஷனுக்கு நன்கு முன்னாலேயே ஆரம்பியுங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993.

இங்கே மாட்டிக்கொள்ளும் இடம் பெயர்தான். ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து, இன்ஷியல் முன்னே பின்னே இருந்தால் கவுண்டரில் நிற்க வேண்டியதுதான். உயிரைக் காப்பாற்றச் செய்யும் அவசர ஆபரேஷனை அட்டைக்காக நிறுத்த மாட்டார்கள், அதற்குப் பயந்து யாரும் வீட்டில் காத்திருக்காதீர்கள்.

நோயாளி தினமும் போடும் மாத்திரைகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சுகர், பிரஷர், முக்கியமாக ரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போன கதை, எல்லாம் அதில் வரட்டும். ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னால், கொடுப்பவர் 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஆண் என்றால் கடைசியாகக் கொடுத்து மூன்று மாதமும் பெண் என்றால் நான்கு மாதமும் ஆகியிருக்க வேண்டும்.

2. பையில் வைக்க வேண்டியவை

இரண்டு பழைய பருத்தி வேட்டி அல்லது புடவை, ஒரு கனமான போர்வை, சின்னத் தலையணை ஒன்று (இது இருமும்போது வேண்டும், கீழே சொல்கிறேன்), ஸ்பூன், டம்ளர், சின்ன பேசின், ஈரத்துணி, சோப்பு, பால்பாயின்ட் பேனா, நாற்பது பக்க நோட்டு, செல்போன் சார்ஜர், சில்லறைப் பணம். நகை வேண்டவே வேண்டாம். கண்ணாடி, பல்செட், காது மெஷின் இருந்தால் தியேட்டருக்குப் போகும்போது கழற்றி உங்களிடம் கொடுப்பார்கள், ஒரு டப்பாவில் பெயர் எழுதிப் போட்டு வையுங்கள்.

3. ரெக்கவரி ரூமில் வைத்திருக்கும் நேரம்

தையல் போட்டு முடித்ததும் நேராக வார்டுக்கு அனுப்ப மாட்டார்கள். தியேட்டரை ஒட்டிய ரெக்கவரி ரூமில் வைத்து மூச்சு, நாடி, பிரஷர், ஆக்சிஜன் அளவு, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, கை கால் அசைக்கிறாரா என்று சில நிமிஷத்துக்கு ஒரு முறை பார்ப்பார்கள். ஆல்ட்ரெட் ஸ்கோர் என்று ஒரு கணக்கு உண்டு. அசைவு, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, ஆக்சிஜன் ஆகிய ஐந்துக்கும் இரண்டு இரண்டு மதிப்பெண், பத்துக்கு ஒன்பது அல்லது அதற்கு மேல் வந்தால் வெளியே அனுப்புவது வழக்கம். ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று சொல்லியும் ஆளைக் காட்டவில்லையே என்று வாசலில் அழுது கத்த வேண்டாம், பெரும்பாலும் காரணம் இதுதான்.

அந்த நேரத்தில் டாக்டர் வெளியே வந்தால், "நல்லா இருக்காரா டாக்டர்?" என்பதோடு விட்டுவிடாமல் இதையும் கேளுங்கள்: முழு மயக்கமா, முதுகில் ஊசியா? தண்ணீர் எப்போது கொடுக்கலாம்? எத்தனை ட்யூப் வைத்திருக்கிறார்கள், எது எதற்கு? எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கலாம்? சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்பியிருக்கிறார்களா? பதிலை அங்கேயே நின்று எழுதிக்கொள்ளுங்கள், பதற்றத்தில் கேட்டது எதுவும் மண்டையில் நிற்காது.

4. வார்டுக்கு வந்ததும் முதல் சில மணி நேரம்

சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து "என்னப்பா, என்னைத் தெரியுதா?" என்று உலுக்குவதும் இந்த நேரத்தில்தான், ஆபத்து அதிகம் இருப்பதும் இந்த நேரத்தில்தான். ஒருவர் போதும், மற்றவர்களை வார்டுக்கு வெளியே உட்காரச் சொல்லுங்கள்.

மூச்சு: மயக்கம் தெளியும்போது நாக்கு பின்னால் விழுந்து தொண்டையை அடைக்கலாம், வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போகலாம். அதனால்தான் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வைப்பார்கள். நீங்கள் நிமிர்த்தித் தலையணை வைக்காதீர்கள். திடீரென்று குறட்டை மாதிரி சத்தம் வந்தாலோ, உதடும் நகமும் நீலம் பாரித்தாலோ ஓடிப் போய்ச் சொல்லுங்கள். வலிக்கு ஊசி போட்ட பிறகு மார்பு ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ணுங்கள். பத்துக்குக் கீழே போனாலோ, தட்டி எழுப்பியும் கண் திறக்காமல் சரிந்தாலோ தூங்குகிறார் என்று விட்டுவிடக் கூடாது.

ரத்தக் கசிவு: அப்பாவின் வயிற்றில் போட்டிருந்த கட்டின் மேல் எலுமிச்சை அளவுக்கு ஒரு சிவப்புக் கறை தெரிந்தது. நாங்கள் பதறிக் கூப்பிட்டதும் சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, பால்பாயின்ட் பேனாவால் கறையின் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதினார். "இந்தக் கோட்டைத் தாண்டிச்சுன்னா வந்து கூப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் எங்களுக்குக் கண்ணில் பார்த்துச் சொல்ல ஓர் அளவு கிடைத்துவிட்டது. உங்கள் ஆளுக்கும் கறை தெரிந்தால் கோடு போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். கட்டை நீங்களே பிரிக்கவோ மேலே இன்னொரு துணி வைத்து மூடவோ வேண்டாம், மூடினால் கசிவு தெரியாமல் போய்விடும்.

உள்ளே ரத்தம் கசிந்தால் வெளியே கறையே தெரியாது. முகம் வெளுப்பது, குளிர்ந்த வியர்வை, நாடி வேகமாக ஓடுவது, தாகம் தாகம் என்பது, படுக்கையில் நிலைகொள்ளாமல் புரள்வது, இவைதான் அடையாளம். காரணம் இல்லாமல் ஒருவர் அமைதியிழந்து தவித்தால் அதை அடம் பிடிப்பதாக நினைக்காதீர்கள். ஆக்சிஜன் குறைந்தாலும் அப்படித்தான் தவிப்பார்கள்.

நடுக்கம்: தியேட்டர் குளிரிலும் மயக்க மருந்திலும் பல் கிட்டும் அளவுக்கு நடுங்கலாம். போர்வை போர்த்துங்கள், சிஸ்டரிடம் சொல்லுங்கள். முதுகில் ஊசி போட்டவருக்குக் காலில் உணர்ச்சி திரும்பச் சில மணி நேரம் ஆகும், அதுவரை வெந்நீர் பை, சுடுதண்ணீர் பாட்டில் எதையும் காலடியில் வைக்காதீர்கள், கொப்புளம் போட்டாலும் அவருக்குத் தெரியாது.

5. தண்ணீர் விஷயத்தில் யார் பேச்சையும் கேட்காதீர்கள்

"வாய் காயுது, ஒரு வாய் தண்ணி குடு" என்று பெற்றவர் கெஞ்சும்போது மனசு கேட்காது. பக்கத்துப் படுக்கைக்காரர் அன்றே காபி குடித்தார் என்றால் அவருக்குச் செய்த ஆபரேஷன் வேறு. டாக்டர் சொல்லும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். அதற்குப் பதில் சுத்தமான துணியை நனைத்து உதட்டைத் துடைத்துவிடுங்கள், அதற்கும் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். குடலில் கை வைத்த ஆபரேஷன் என்றால் காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "காற்று பிரிந்ததா?" என்பதுதான், குடல் மறுபடி வேலை செய்கிறதா என்று அதில்தான் தெரியும். கூச்சப்படாமல் நேரத்தோடு எழுதி வையுங்கள். கொடுக்கச் சொன்ன பிறகும் ஸ்பூன் ஸ்பூனாக, தலையை உயர்த்தி வைத்து, வாந்தி வருகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கொடுங்கள்.

6. ட்யூப், பை, ஊசி

யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது அவசரத்தில் நோயாளியின் வயிற்றின் மேல் தூக்கி வைத்துவிடுவார்கள், அப்போது போன சிறுநீர் திரும்ப உள்ளே போய்த் தொற்று வரும், நீங்கள் கையில் தாழ்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். பையில் அளவுக் கோடுகள் இருக்கும். கிலோவுக்கு அரை மில்லி வீதம் மணிக்கு, அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் முதலில் ட்யூப் மடங்கியோ உடம்புக்கு அடியில் சிக்கியோ இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சொல்லுங்கள்.

யூரின் ட்யூப் போடாதவர் ஆறு மணி நேரம் தாண்டியும் சிறுநீர் கழிக்கவில்லை என்றால் சொல்லுங்கள். முதுகில் ஊசி போட்ட வயதான ஆண்களுக்கு அடிவயிறு பானை மாதிரி உப்பியும் உணர்ச்சி இல்லாமல் இருக்கலாம்.

வயிற்றுக்குள் தேங்கும் நீரும் ரத்தமும் வெளியேற வைத்த டிரெயின் ட்யூபில் வருவதன் நிறத்தையும் அளவையும் எழுதுங்கள், நீங்களாகக் கொட்ட வேண்டாம். ட்ரிப்ஸ் பாட்டில் தீர்வதற்குக் கொஞ்சம் முன்பே போய்ச் சொல்லுங்கள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தைத் தொடாதீர்கள். ஊசி குத்திய இடம் வீங்கினாலோ எரிந்தாலோ மருந்து ரத்தக் குழாயில் போகாமல் சதைக்குள் இறங்கலாம், போய்ச் சொல்லுங்கள்.

7. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க விடாதீர்கள்

நம் ஊரில் ஆண்கள் வலிக்கிறது என்று சொல்லவே மாட்டார்கள். வலி இருந்தால் ஆழமாக மூச்சு விட மாட்டார், இரும மாட்டார், எழுந்து நடக்க மாட்டார், அதிலிருந்து நிமோனியா வரைக்கும் போகும். "பத்துக்கு எவ்வளவு வலிக்குது?" என்று கேட்டு அந்த எண்ணை சிஸ்டரிடம் சொல்லுங்கள், உச்சத்துக்குப் போகும் முன்பே சொல்லுங்கள். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

8. முதல் ராத்திரி

வயதானவர்கள் ராத்திரியில் ஆள் தெரியாமல் பேசுவார்கள், ட்ரிப்ஸைப் பிடுங்குவார்கள், வீட்டுக்குப் போகணும் என்று இறங்கப் பார்ப்பார்கள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயப்படவோ திட்டவோ வேண்டாம். ஆக்சிஜன் குறைவு, சிறுநீர் தேங்கியது, சுகர் இறங்கியது, உப்புச் சத்து மாறியது, வலி, இப்படி ஏதோ ஒன்று பின்னால் இருக்கலாம் என்பதால் டியூட்டி டாக்டருக்குத் தெரிய வேண்டும். கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிட்டு, "அப்பா, இது ஆஸ்பத்திரி, ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு, நான்தான் இருக்கேன்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றி வையுங்கள்.

டியூட்டி மாறும் நேரத்தில் புதிதாக வந்த சிஸ்டரிடம் உங்கள் நோட்டைக் காட்டுங்கள். நேரம் போட்டு எழுதியதைப் பார்த்தால் அவர்களும் கவனமாகப் பதில் சொல்வார்கள், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நீங்களும் தூங்க வேண்டும், ராத்திரிக்கு ஒருவர் பகலுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெண்கள் வார்டில் பெண்தான் தங்க முடியும் என்பார்கள், அத்தை, சித்தி, நாத்தனார் யாரையாவது முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

9. மறுநாள்: மூச்சுப் பயிற்சி, எழுந்து நடப்பது

மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்று வாங்கிவரச் சொல்லலாம். எல்லோரும் பலூன் மாதிரி ஊதுகிறார்கள், அது தவறு. உறிஞ்ச வேண்டும். உறிஞ்சிப் பந்தை மேலே ஒரு நொடி இரண்டு நொடி நிறுத்த வேண்டும், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்துத் தடவை. கருவி இல்லையென்றால் ஆழமாக மூச்சை இழுத்து நிறுத்தி விட்டால் போதும். இருமும்போது கொண்டு போன சின்னத் தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போதே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், ரத்தம் உறையாமல் இருக்க. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள், இல்லையென்றால் முதுகில் புண் வரும்.

டாக்டர் நடக்கச் சொன்னால் தையல் பிரிந்துவிடும் என்று தடுக்காதீர்கள். நேராக எழுப்பாமல் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டுச் சில நிமிஷம் விட்டு, தலை சுற்றவில்லை என்றால் நிற்க வையுங்கள். முதல் தடவை சிஸ்டர் பக்கத்தில் இருக்கட்டும்.

10. செலவு

ஆபரேஷனுக்குச் செலவில்லை என்றாலும் கூட இருப்பவருக்குக் கை நிறையச் சில்லறை போகும். ஜெராக்ஸ், ஆட்டோ, டீ, டயப்பர், வயிற்று பெல்ட் என்று கரையும். சாப்பாட்டுக்கு அம்மா உணவகம் இருக்கவே இருக்கிறது, இட்லி 1 ரூபாய், பொங்கலும் சாம்பார் சாதமும் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மருந்து வெளியே வாங்கச் சொன்னால் முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் விசாரித்துவிட்டு வாங்குங்கள். அரசு ஆஸ்பத்திரியில் யாராவது பணம் கேட்டு வற்புறுத்தினால் 104க்குப் போன் செய்யலாம். தனியாரில் சேர்த்தால், பேக்கேஜில் எது சேராது என்பதை அட்மிஷன் அன்றே எழுத்தில் வாங்குங்கள், கையுறை, டிரெஸ்ஸிங் சாமான் என்று கடைசி பில்லில் நீளும்.

11. டிஸ்சார்ஜ்

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் படியுங்கள். பெயர், வயது, ஆபரேஷன் பெயர், எந்தப் பக்கம், மாத்திரை எத்தனை நாள், தையல் பிரிக்கும் தேதி, மறுபடி வர வேண்டிய தேதி எல்லாம் இருக்கிறதா? பயாப்சிக்கு அனுப்பியிருந்தால் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் நாள் கழித்துத்தான் வரும், நாம் போய் வாங்காமல் விட்டால் யாரும் வீட்டுக்குக் கொண்டு வந்து தர மாட்டார்கள், அதில் என்ன இருக்கிறது என்பது ஆபரேஷனை விட முக்கியமாக இருக்கலாம். காப்பீட்டில் செய்திருந்தால் அந்தப் பிரிவில் கையெழுத்து பாக்கி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஆட்டோவில் கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டில் குலுங்கிப் போவதை விட, கொஞ்சம் சுற்றானாலும் நல்ல ரோடாகப் போங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லி, எப்படி ஏற வேண்டும் என்று கேளுங்கள். கொஞ்ச நாள் கீழ்த்தளத்துச் சொந்தக்காரர் வீட்டில் இருக்க முடிந்தால் இன்னும் நல்லது.

வயிற்று ஆபரேஷன் செய்தவர் ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது. நம் பக்கத்தில் இது குடத்தில்தான் வந்து நிற்கிறது. ஒரு பிளாஸ்டிக் குடம் தண்ணீர் பதினைந்து கிலோ. தண்ணீர் லாரி வந்துவிட்டது, பக்கத்தில் யாரும் இல்லை என்று அம்மாக்கள் போய்த் தூக்கிவிடுகிறார்கள், தையலுக்குள் இருக்கும் சதை விட்டுப்போய் ஹெர்னியா (குடல் பிதுங்கி வெளியே தள்ளுவது) வருகிறது. தண்ணீர் பிடிக்க ஆளை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

சாப்பாட்டில் மீன் போட்டால், முட்டை போட்டால் தையல் சீழ் பிடிக்கும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். காயம் ஆறுவதற்குப் புரதம்தான் வேண்டும். டாக்டர் சாதாரணச் சாப்பாடு கொடுக்கலாம் என்று சொன்ன பிறகு காசிமேட்டு மீனைக் காரம் குறைத்துக் குழம்பு வைத்துக் கொடுங்கள், முட்டை, பருப்பு, பால் கொடுங்கள். சீழ் பிடிப்பது அழுக்குக் கையாலும் கட்டுப்பாட்டில் இல்லாத சுகராலும்தான். மஞ்சள், எண்ணெய், வேப்பிலை, எதையும் தையல் மேல் வைக்காதீர்கள். கட்டு மாற்றப் பக்கத்தில் இருக்கும் மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், தினமும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருக்காது. வயிற்றுத் தையல் பொதுவாக 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள், மூட்டின் மேல் என்றால் இரண்டு வாரம் ஆகும்.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையல் சிவந்து சூடாக வீங்குவது, சீழ் அல்லது நாற்றம், நிற்காத வாந்தி, வயிறு உப்பிக் காற்றே பிரியாமல் இருப்பது, இவற்றில் எது வந்தாலும் ரிவ்யூ தேதி வரை காத்திருக்காமல் அன்றே போங்கள். ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலித்தாலும் அப்படித்தான். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், தையல் வாய் திறந்துவிட்டால் ஆட்டோ தேடாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

ரிவ்யூவுக்கு எந்த யூனிட் (டாக்டர் குழு) ஆபரேஷன் செய்ததோ அந்த யூனிட்டின் ஓபி நாளில்தான் போக வேண்டும், வேறு நாளில் போனால் உங்கள் ஆளைத் தெரிந்த டாக்டர் இருக்க மாட்டார். யூனிட் எண்ணும் கிழமையும் சம்மரியின் மேலேயே இருக்கும், இல்லையென்றால் சிஸ்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அசலும் ஒரு ஜெராக்ஸும், அந்த நாற்பது பக்க நோட்டும் கையில் இருக்கட்டும்.